சலவைக் கணக்கில் ஏறிய வஞ்சிரம்

"உங்க காலத்துல சாஃப்ட்வேர்ல இந்த மாதிரி கேஸெல்லாம் வந்திருக்காதுல்ல சார்?" என்று போன மாதம் ஓர் இளைஞர் தொலைபேசியில் கேட்டார். டில்லியில் நான் வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டு, அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய அலுவலகத்தில் சேர்ந்திருப்பவர். நல்ல பிள்ளைதான். ஆனால் "உங்க காலத்துல" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். நான் என்ன கற்காலத்திலா வேலை பார்த்தேன்? வந்தது தம்பி, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அவருக்கு மட்டும் அனுப்பினால் கோப்பில் சொருகிவிட்டு மறந்துபோவார் என்பதால் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

"இதையும் வாங்கினால்தான் அதைத் தருவேன்" என்று கடைக்காரர் சொல்வது நம் பக்கத்தில் ஒன்றும் புதிதல்ல. என் அப்பா திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் விவசாயம் பார்த்தவர். யூரியா வாங்கப் போனால் யாருக்கும் தேவைப்படாத ஒரு பூச்சிமருந்து டப்பாவையும் தலையில் கட்டி அனுப்புவார்கள். எங்கள் மாட்டுக் கொட்டகையில் மூடி திறக்காத டப்பாக்கள் வரிசையாக நிற்கும். பரீட்சை எழுதி, டில்லியில் முறையற்ற வணிகத்தை விசாரிக்கும் ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த டப்பாவுக்குச் சட்டத்தில் 'கட்டி விற்பது' என்று ஒரு பெயரே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. முதல் சில வருடங்கள் கேஸ் இணைப்போடு அடுப்பைத் திணித்தவர்கள், டிராக்டரோடு கலப்பையைத் திணித்தவர்கள் என்று போயின. அதற்கெல்லாம் பெரிய மூளை வேண்டாம். சிலிண்டர் வேறு, அடுப்பு வேறு என்று பார்த்தாலே தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. தமிழ் தெரிந்தவர், அந்தப் பக்கத்து ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேலதிகாரியாக லில்லி புஷ்பம் வந்தார். நாகர்கோவில்காரர், துணை இயக்குநர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

மேடம் யாரிடமும் "ஏன்" என்று கேட்க மாட்டார். "காட்டுங்க" என்றுதான் கேட்பார். ஏன் என்று கேட்டால் ஆள் யோசித்துப் பதில் சொல்வான், யோசித்துச் சொல்கிற பதில் நமக்கு எதற்கு என்பது அவர் கட்சி. எந்த இடத்தை விசாரிக்கப் போனாலும் முதலில் வாடிக்கையாளராகப் போவார். சொந்தக் காசில் வாங்குவார், பேரம் பேசுவார், குறை சொல்வார். பிறகுதான் அடையாள அட்டையை எடுப்பார். அறிக்கை எழுதும்போது கையில் பென்சிலோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏழை", "பெரிய", "அநியாயமாக" போன்ற சொற்களைக் கொசு அடிப்பதுபோல அடித்துக்கொண்டே வருவார். "சபாபதி, பாவப்படறது ஆணையத்தோட வேலை. நம்ம வேலை, பாத்ததை எழுதறது" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அடித்த பிறகு படித்துப் பார்த்தால் அறிக்கை கூர்மையாகியிருக்கும்.

புகார் கொடுத்தவர் தேவிகா. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேட்டரிக் கடையின் மாடியில், ஓட்டல்களுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதி விற்றுக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கணவர் அணுபுரம் குடியிருப்பில் இருந்தபடி அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தார். தேவிகாவின் வாடிக்கையாளர்கள் எல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் தங்கும் அறைகளும் மீன் சாப்பாடும் சேர்ந்த சின்ன ஓட்டல்கள்.

அந்த ஓட்டல்கள் எல்லாமே அறைகளுக்கு வேறொரு மென்பொருள் வைத்திருந்தன. சென்னையிலிருந்த ஒரு பெரிய கம்பெனி விற்றது அது. வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் காவல் துறைக்கு ஒரு படிவம் போக வேண்டும், அந்த மென்பொருள் அதைத் தானாகவே அச்சடித்துக் கொடுக்கும். அதனால் மாமல்லபுரத்தில் அது இல்லாமல் லாட்ஜ் நடத்துவது கஷ்டம். தேவிகாவின் சாப்பாட்டு பில், அந்த அறைக் கணக்கில் தானாகப் போய் ஏறிக்கொள்ளும். இரண்டும் பல வருடங்கள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின.

பிறகு கம்பெனி புதிய பதிப்பு கொண்டுவந்தது. அதில் அறைக்கான மென்பொருளோடு சாப்பாட்டு பில் மென்பொருளும் ஒரே குறுந்தகட்டில் இருந்தது. தனியாகக் கிடையாது. வெளியிலிருந்து வரும் பில்லை அறைக் கணக்கில் ஏற்றும் வழியையும் அடைத்துவிட்டார்கள். பழைய பதிப்புக்கு இனி பழுது பார்க்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். தேவிகாவின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள்.

கம்பெனியின் பதில் எங்கள் கைக்கு முன்பே வந்துவிட்டது. "இது ஒரே பொருள். சட்டை வாங்குகிறவர் பொத்தானைத் தனியாகக் கேட்பாரா? எங்கள் எல்லா வாடிக்கையாளர்களும் சாப்பாட்டு பில்லை எங்கள் மென்பொருளில்தான் போடுகிறார்கள்" என்று எழுதியிருந்தார்கள். அடுப்பையும் சிலிண்டரையும்போல இதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாதே. இரண்டு பொருள் என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

மேடம் பதற்றப்படவில்லை. "மாமல்லபுரத்துல மீன் நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கினோம். ஏகாம்பரம் என்பவர் நடத்திய லாட்ஜின் மொட்டை மாடியில் சாப்பாட்டுக் கடை. சிற்பக் கூடங்களின் உளிச்சத்தம் மாடிவரை கேட்டுக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததும் பரிமாறும் பையன் பாபு ஒரு பெரிய தட்டில் சமைக்காத மீன்களை அடுக்கிக் கொண்டுவந்து நீட்டினான். அங்கே விலைப்பட்டியலில் மீனுக்கு விலை போட்டிருக்காது. நாம் மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் கனத்தைப் பார்த்துப் பேரம் பேச வேண்டும், எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிறகு நாம் பார்த்த அதே மீன் நமக்கே வந்து சேர வேண்டும். மேடம் ஒரு வஞ்சிரத்தைப் புரட்டிப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, பையன் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார். எனக்கு ஒரு சங்கரா.

பாபு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கீழே கல்லாவுக்குக் கேட்கும்படி கத்தினான்: "நாலாம் டேபிள்! லாண்டிரி ரெண்டு! ஒண்ணு கிரில்லு, ஒண்ணு காரம் தூக்கலா ஃப்ரை!"

மேடம் குடிக்க எடுத்த தண்ணீர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், பேசாதே என்று கண்ணாலேயே அடக்கினார். பக்கத்து மேசைக்கு இறால் வந்தது. அதுவும் லாண்டிரி. அதற்கடுத்த மேசைக்கு நண்டு. "லாண்டிரி ஒண்ணு, மசாலா!" நாங்கள் நிதானமாகச் சாப்பிட்டோம். பொய் சொல்லக் கூடாது, அந்த மீனின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

கீழே வந்து பணம் கொடுத்த பிறகு மேடம் அட்டையை எடுத்துக் காட்டினார். கல்லாவில் ஏகாம்பரமே இருந்தார். கனத்த உடம்பு, தோளில் ஈரத் துண்டு. டில்லி என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வரி ஆபீசாம்மா?"

"இல்லைங்க. மீனுக்கு எப்படி பில் போடறீங்கன்னு மட்டும் காட்டுங்க."

கல்லாவில் இரண்டு கணினிகள் இருந்தன. ஏகாம்பரம் புதியதைக் காட்டினார். "அத்த ஏம்மா கேக்கற? இந்தப் புது சாஃப்ட்டுவேருல எல்லாத்துக்கும் ரேட்ட முன்னாடியே போட்டு வெச்சிடணும். இட்லிக்கு ஒரு ரேட்டு, தோசைக்கு ஒரு ரேட்டு. மீனுக்கு இன்னா ரேட்ட போடுவேன்? காலைல படகு வந்தாத்தான் மீனே தெரியும். கஸ்டமரு பேசி முடிச்சாத்தான் ரேட்டு தெரியும். நாமளா தொகைய அடிக்கிற மாதிரி இதுல ஒரே ஒரு எடந்தான் கீது. லாண்டிரி. எத்தினி துணி போடுவாங்கன்னு தெரியாதுல்ல, அதனால அத்த மட்டும் தொறந்து வுட்டுக்கீறான். நானும் மீன அதுலயே போட்டுக்கினு கீறேன்."

"உங்க லாட்ஜுல சலவை உண்டா?"

"வூட்டுத் துணியத் தொவைக்கவே ஆளு இல்லம்மா! போன வாரம் ஒரு வெள்ளக்காரரு ரூமைக் காலி பண்ணும்போது பில்லப் பாத்துட்டு, என் சட்டைய நானே தொவச்சிக்கினேன், இன்னாத்துக்கு இவ்ளோ லாண்டிரின்னு ஒரே பேஜாரு பண்ணிட்டாரு. மீனோட தலையக் கொண்டாந்து காட்டி சமாதானம் பண்ணேன்."

நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய கணினியைக் கை காட்டி, "இது என்னங்க?" என்றார்.

"இது தேவிகா பொண்ணுது. இத்த நிறுத்தினா சமையக்கட்டுல கொயம்பிடுவாங்க. எந்த மீனு, எத்தினி கனம், எந்த டேபிளு, எப்பிடி சமைக்கணும், பேசின ரேட்டு, எல்லாம் இதுலதான் சீட்டு அடிக்குது. இதுல அடிச்சி, மொத்தத் தொகைய மட்டும் அதுல லாண்டிரின்னு ஏத்துவேன். ரெண்டு வேலைதான். இன்னா பண்றது? ரூமு கணக்குல ஏறணும்ல."

அங்கே, அந்த மேசையில், இரண்டு பொருள்கள் அடுப்பும் சிலிண்டரும்போலப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கம்பெனியின் சாப்பாட்டு மென்பொருளை எல்லோரும் பயன்படுத்துவது உண்மை. அதை வைத்து மீன் விற்க முடியாமல், தனியாக ஒன்றை வைத்துச் சமாளிப்பதும் உண்மை. வெளியே வந்ததும் மேடம் சொன்னார், "சட்டையிலதான் பொத்தான் இருக்கே, அப்புறம் ஏன் ஊக்கு குத்திட்டிருக்காங்கன்னு கேட்டா அவங்களால பதில் சொல்ல முடியாது." அன்றைக்கு அவர் நடையே துள்ளலாக இருந்தது.

மற்ற ஓட்டல்களுக்கும் போனோம். சிலர் மீனை லாண்டிரியில் ஏற்றினார்கள், சிலர் கூடுதல் கட்டில் என்று ஏற்றினார்கள். ஏகாம்பரத்திடம் மறுநாள் முறைப்படி வாக்குமூலம் வாங்கினோம். தமிழில் எழுதி, மெதுவாக வாசித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, கையெழுத்து வாங்குவது மேடத்தின் வழக்கம். ஒரு சொல் சந்தேகமாக இருந்தாலும் திரும்பச் சொல்லச் சொல்வார். ஏகாம்பரம் நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

இதற்குப் பிறகுதான் சிக்கல்.

எங்கள் நடைமுறையில், அறிக்கை ஆணையத்துக்குப் போகும்போது அதன் நகல் ஒன்று எதிர்த்தரப்புக்கும் போகும். தன்மேல் என்ன குற்றம், அதற்கு என்ன ஆதாரம் என்று பார்க்காமல் ஒருவன் எப்படிப் பதில் சொல்வான்? சரியான விதி. ஆனால் எங்கள் அறிக்கையில் இருந்த ஆதாரம் எது? மீன் எப்படி விற்கிறது, தேவிகாவின் மென்பொருள் அதை எப்படிச் செய்கிறது, கம்பெனியின் மென்பொருளில் எது இல்லை என்பதுதான். கம்பெனிக்காரர்களில் ஒருவராவது அந்த மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அது ரகசியமே இல்லை. அவர்கள் யாரும் உட்காரவில்லை. அந்த ஒன்றில்தான் தேவிகாவின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ரகசியம் என்று மூடிய உறையில் கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். "ஊரே பாக்க தட்டுல வெச்சு விக்கற மீனை எப்படி ரகசியம்னு சொல்றது?" என்றார் மேடம். அறிக்கையை அனுப்புவதற்கு முன்பு என்னை அழைத்துக்கொண்டு பேட்டரிக் கடை மாடிக்குப் போனார். விசாரிக்கும் அதிகாரி புகார்தாரரைத் தேடிப் போய்ப் பேசுவது வழக்கமில்லை. அவர் விதியை வளைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அன்று தேவிகாவின் கணவரும் அங்கே இருந்தார். மேடம் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நாங்க பாத்ததை அப்படியே எழுதினா கேஸ் நிக்கும். ஆனா நகல் அவங்களுக்குப் போகும். உங்க மென்பொருள்ல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். மேலோட்டமா எழுதினா உங்க கடைக்கு ஆபத்து இல்லை. ஆனா கேஸ் நிக்காது. எழுதறது என் கடமை. ஆனா புகாரை இப்ப திரும்ப வாங்கிக்கற உரிமை உங்களுக்கு இருக்கு."

கணவர்தான் முதலில் பேசினார். "திரும்ப வாங்கிடு தேவி. மிச்சம் இருக்கிற ஓட்டலையாவது வெச்சுக்கலாம். அவ்வளவு பெரிய கம்பெனியோட சண்டை போட்டு நமக்கு என்ன ஆகப் போகுது?" அவர் பயந்தவர் இல்லை. கணக்குப் போட்டுப் பேசினார், அந்தக் கணக்கில் தப்பும் இல்லை.

தேவிகா ஜன்னல் வழியாக ரயில் நிலையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார். "மேடம், அவங்க இதைச் சேத்துட்டா இந்தக் கடை போயிடும். அது எனக்குத் தெரியுது. ஆனா நான் பயந்து வாங்கிட்டா, நாளைக்கு நான் வேற எதை எழுதினாலும் இதே மாதிரிதான் பண்ணுவாங்க. என்னை மட்டுமில்ல, யார் எழுதினாலும். நீங்க எழுதுங்க."

"நிச்சயமா?"

"முழுசா எழுதுங்க மேடம்."

கீழே இறங்கியதும் அறிக்கையை எழுத உட்கார்ந்தோம். நான் எழுதிய வரைவில் "துணிச்சலான" என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்த்தேன். வழக்கம்போல அடித்தார். ஆனால் பென்சில் அந்தச் சொல்மேல் கொஞ்சம் தயங்கியதைப் பார்த்தேன்.

அறிக்கையோடு, வழக்கு முடியும்வரை வெளி பில்லை அறைக் கணக்கில் ஏற்றும் பழைய வழியைத் திறந்து வைக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவும் கேட்டோம். அது எப்போதும் அடுத்த தேதிக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வக்கீலுக்குக் காய்ச்சல், ஒரு நாள் ஆணைய உறுப்பினர் ஓய்வு பெற்றுவிட்டார், ஒரு நாள் நேரமில்லை. அறிக்கையின் நகல் மட்டும் குறித்த நாளில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் விசாரணைக்கு வந்த அன்று, கம்பெனி வக்கீல் ஒரு கணினியையே கொண்டுவந்து ஆணையத்தின் முன் வைத்தார். புன்னகையோடு, "எங்கள் புதிய பதிப்பு" என்றார். திரையில் மீன், கனம், மேசை, சமையல் முறை, பேசி முடித்த விலை என்று கட்டங்கள் வரிசையாக வந்தன. எப்படி வேலை செய்கிறது என்று காட்ட ஓர் உதாரணமும் போட்டார்கள். நாலாம் மேசை. ஒரு வஞ்சிரம், கிரில். ஒரு சங்கரா, காரம் தூக்கலாக ஃப்ரை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாங்கள் சாப்பிட்ட மீன் அது. எங்கள் அறிக்கையில் நான் எழுதிய வரி அது. காப்பியடித்தவர்கள் மேசை எண்ணை மாற்றக்கூடச் சிரமப்படவில்லை. எழுந்து கத்தலாமா என்றிருந்தது. மேடம் என் சட்டைக் கையைப் பிடித்து அடக்கினார்.

"இப்போது எங்கள் பொருளில் எல்லாம் இருக்கிறது. தனியாக ஒன்றை யாரும் தேடவில்லை" என்று வக்கீல் முடித்தார். உண்மைதான். அதற்குள் ஏகாம்பரம்கூடப் பழைய கணினியைக் கட்டி மூலையில் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வேலையை இரண்டு தடவை செய்துகொண்டு எத்தனை நாள்தான் ஓட்டுவார் மனுஷன்?

மேடம் ஓய்வு பெற்று நாகர்கோவில் போனார். சில வருடங்களில் நானும் ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டேன். அதற்கும் பிறகுதான் உத்தரவு வந்தது. எங்கள் பக்கம்தான் தீர்ப்பு. இரண்டும் தனித்தனிப் பொருள்கள், கட்டி விற்றது தவறு, அறைக்கான மென்பொருளைத் தனியாகவும் விற்க வேண்டும் என்று சொன்னது. கம்பெனியும் மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்தது. தனியாக விற்றது, சேர்த்து விற்கும் அதே விலைக்கு. என்ன விலைக்கு என்று உத்தரவில் யாரும் எழுதவில்லை.

ஏகாம்பரம் என்னிடம் கேட்டார், "தனியா வாங்கினாலும் அதே டப்பு, சேத்து வாங்கினாலும் அதே டப்பு. அப்ப எவன் அண்ணாத்த தனியா வாங்குவான்?" தொலைபேசியில் கேட்ட தம்பி, இதைப் படித்தால் கவனியுங்கள். பொருள் ஒன்றா இரண்டா என்று நிரூபிப்பதிலேயே நாங்கள் எங்கள் பலத்தையெல்லாம் செலவழித்துவிட்டோம். விலையையும் காலத்தையும் கோட்டைவிட்டோம். இடைக்கால உத்தரவு கையில் வராமல் அறிக்கையின் நகல் போகலாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். போகாமல் இருந்தால் அது நியாயமா என்றும் யோசிக்கிறேன்.

உத்தரவின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அணுபுரத்துக்குப் போனேன். தேவிகா கடையை மூடி வெகுநாளாகியிருந்தது. சென்னையில் ஒரு கணினி அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். அன்று விடுமுறை. காபி கொடுத்துவிட்டு, நின்றபடியே முழுவதையும் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி விரலை வைத்தார். "புகார்தாரர் தற்போது அந்தத் தொழிலில் இல்லாததால் அவருக்கு இழப்பு எதுவும் தொடரவில்லை" என்றிருந்தது.

"கடைய மூடிட்டதால எனக்கு நஷ்டம் இல்லைன்னு எழுதியிருக்காங்க, இல்லையா சார்?"

வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் அந்த ஆணையத்தின் சம்பளம் வாங்கியவன் நான். "மேல்முறையீடு பண்ணலாம்மா. விலையைப் பத்தியும் கேக்கலாம், இந்த வரியையும் எதுக்கலாம்" என்றேன்.

"அந்த மனுவோட நகலும் அவங்களுக்குப் போகுமா?"

"போகும்."

தேவிகா உத்தரவை மடித்து மேசைமேல் வைத்தார்.

"போகட்டும் சார். எடுத்துக்கறதுக்கு இப்ப எங்கிட்ட என்ன இருக்கு? மனுவைப் போடலாம்."